தனக்கென்று சாய்வில்லாத விமானம்

(நுரைச்சோலையில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்கே இந்து சமுத்திரமும் கிழக்கே புத்தளக் களப்புமாக இருபுறமும் நீர் சூழ, நடுவிலே மணலும் தென்னையுமாக வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் இந்தக் கற்பிட்டிக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்று என்பது புத்தகத்தில் படித்து அறியவேண்டிய பொருளன்று. விடியுமுன் எழுந்து கடலின் முகத்தைப் பார்த்து, தோணியைத் தள்ளுவதா கரையிலேயே இழுத்து வைப்பதா என்று தீர்மானிக்கும் தகப்பன்மாரையும், மிளகாய்க் கன்றுகளின்மேல் மணல் வாரியடிக்காதபடி காற்றுப் பக்கத்தில் கிடுகு வேலி கட்டும் தாய்மாரையும் நீங்கள் தினமும் காண்கிறீர்கள். மாம்புரிப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. கச்சான் காற்றுப் பலமாக வீசத் தொடங்கிவிட்டால், பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு நீர்ப்பரப்பிலே பலகைமேல் சறுக்கி விளையாடுவதற்கென்றே பிறநாட்டார் கற்பிட்டிக்கு வந்து தங்குகிறார்கள். ஆகவே காற்றையே ஆதாரமாகக் கொண்ட ஒரு வித்தையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் உருவத்தில் சிறியது. ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 120 சென்ரிமீற்றர் நீளமுள்ள சிறகும், பற்றரியோடு சேர்த்து 1150 கிராம் எடையும் கொண்ட ஒரு மாதிரி விமானம்; தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவியிலிருந்து வானொலி அலைகளின் மூலம் கட்டளைகளைப் பெற்று, ஆகாயத்திலே செங்குத்தாக வட்டமிட்டும், தலைகீழாக ஓடியும், ஒரு சிறகைப் பூமியை நோக்கி நிறுத்திக் கத்திமுனை போலச் சென்றும், வாலின்மேல் எழுந்து அசையாது நின்றும் வித்தை காட்டுவது. இதனைப் பிள்ளை விளையாட்டு என்று கருதுவோர் உண்டு. பல ஆண்டுகளாக இத்தகைய விமானங்களைப் பொருத்தியும் திருத்தியும் பறக்கவிட்டும், சிலவற்றை இழந்தும் வந்த அனுபவத்தில், தச்சனுடைய கையையும் கணித ஆசிரியருடைய மனத்தையும் ஒருங்கே வேண்டி நிற்கும் தொழிலாகவே இதனை நான் கண்டிருக்கிறேன்.

நமக்கெல்லாம் தெரிந்த பட்டத்திலிருந்து தொடங்குகிறேன். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியைப் பார்த்தவர்கள், விண் என்னும் ஓசைநார் பூட்டிய பெரும் பட்டங்கள் ஆகாயத்திலே கூவிக்கொண்டு நிற்கும் அழகை மறக்கமாட்டார்கள். பட்டம் கட்டுகிறவர் முச்சைக் கயிற்றை விரல் விரலாக அளந்து கட்டுவதும், வாலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் எதற்காக? காற்று எப்படிச் சுழன்று அடித்தாலும் பட்டம் தன் நிலைக்குத் தானே திரும்பி வரவேண்டும் என்பதற்காக. இந்தக் குணத்துக்கு ஸ்திரத்தன்மை என்று பெயர். பிரான்சு தேசத்து அல்போன்ஸ் பெனோ என்பவர் 1871 இல், முறுக்கிய இறப்பரின் விசையால் பாரிஸ் நகரத்துத் தோட்டமொன்றில் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். பின்புறத்திலே ஒரு சிறிய வாற்சிறகை வைத்து, மூக்குக் கவிழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் அது தானாகவே சமநிலைக்கு மீளும்படி செய்ததே அவருடைய பெரிய சாதனை. மனிதன் இயந்திர விமானத்தில் ஏறிப் பறப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு மாதிரி விமானம் அந்த வழியைக் காட்டிவிட்டது.

ஸ்திரத்தன்மையைத் தேடிய அந்தப் பிரயத்தனம் நிறைவேறிய பின்னரே, அதனை வேண்டுமென்று உதறிப் பார்க்கும் துணிவு மனிதனுக்கு வந்தது. 1913 செப்டெம்பரில் ருஷ்ய இராணுவ விமானியாகிய பியோத்தர் நெஸ்தெரொவ், கீவ் நகரத்தின்மேல் தம் விமானத்தைச் செங்குத்தான வட்டத்திலே ஒருமுறை முழுவதும் சுழற்றிக் காட்டினார். அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று மேலதிகாரிகள் அவரை முதலில் தண்டித்து, பின்னர் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதே மாதத்திலே பிரான்சில் அடொல்ப் பெகூ தலைகீழாகவும் பறந்து காட்டினார். வானொலியால் இயங்கும் மாதிரி விமானம் வெற்றிகரமாகப் பறந்தது 1937 இல். அதனை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கட்டியவர்கள் வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள். அந்த விமானம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்கருகே வானொலி மாதிரி விமான வித்தைகளுக்கென முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. எட் கஸ்மேர்ஸ்கி என்ற அமெரிக்கர் வென்றார். சரித்திரம் இவ்வளவு போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழகுபவர்களுக்கென்று செய்யப்படும் விமானத்தின் சிறகுகள் இருபுறமும் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்கும். சிறகின் மேற்புறம் புடைத்தும் அடிப்புறம் தட்டையாயும் இருக்கும். கையைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டால், சாய்ந்த விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். அது ஒரு தாயைப் போன்றது. பிள்ளையின் பிழையை மறைத்துத் தானே சரிசெய்துவிடும். வித்தை விமானத்தில் அந்தத் தயவு கிடையாது. அதன் சிறகு நேராயிருக்கும். மேற்புறமும் அடிப்புறமும் ஒரே வளைவாயிருக்கும். சிறகும் வாற்சிறகும் மோட்டரின் அச்சும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்திருக்கும். மேலே எது, கீழே எது என்ற பேதம் அதற்கு இல்லை. எந்த நிலையில் நிறுத்துகிறோமோ அந்த நிலையில் இருக்கும். எந்தத் திசையில் செலுத்துகிறோமோ அந்தத் திசையில் போய்க்கொண்டேயிருக்கும். தனக்கென்று ஒரு விருப்பமும் ஒரு சாய்வும் இல்லாதிருப்பதே அதன் லட்சணம். ஆகவே வித்தை விமானத்தைப் பொருத்துவதும் திருத்துவதும் என்று நாம் சொல்லும் வேலை முழுவதும், அதற்குள் ஒளிந்திருக்கும் சாய்வுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நீக்குவதேயாகும்.

பெட்டியிலே பாகங்களாக வரும் விமானத்தை ஒரே மாலையில் ஒட்டிப் பூட்டிவிடலாம். ஆனால் நான் ஒரு கிழமைக்குக் குறைந்து ஒன்றையும் முடித்ததில்லை. உடல், பால்சா என்னும் பஞ்சு போன்ற மரத்தின் சட்டங்களால் ஆனது. அதன்மேல் சூடுபட்டால் சுருங்கி இறுகும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் போர்த்தப்பட்டிருக்கும். சிறகைப் பொருத்தியவுடன் ஒரு நூலை எடுத்து, வலச்சிறகின் நுனியிலிருந்து வாலின் நடுவரைக்கும், இடச்சிறகின் நுனியிலிருந்து அதே இடம் வரைக்கும் அளந்து பார்க்கவேண்டும். வீடு கட்டும் மேசன் மூலைமட்டம் பார்ப்பதும் தோணி கட்டும் ஓடாவி இருபுறப் பலகையையும் ஒப்பிடுவதும் இதே முறைதான். இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் பசை காயுமுன் திருத்திவிடவேண்டும். காய்ந்தபின் அந்தக் கோணல் விமானத்தின் ஆயுள் வரைக்கும் கூடவே வரும்.

சிறகின் பின்விளிம்பில் அசையும் எயிலறன், வாற்சிறகில் ஏறி இறங்கும் எலிவேற்றர், நிமிர்ந்த வாலிலே திரும்பும் சுக்கான் என்று மூன்று அசையும் பகுதிகள் உண்டு. சுக்கான் என்ற சொல்லுக்கு உங்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இவை ஒவ்வொன்றையும் சேர்வோ என்னும் சிறு மோட்டர் ஒரு கம்பியால் தள்ளி இழுக்கிறது. அந்தக் கம்பியின் துளையிலே சிறிது ஆட்டம் இருந்தாலும் வானத்திலே அது நடுக்கமாகத் தெரியும். பிணைச்சல் இடைவெளியில் காற்று ஒழுகினால் கட்டளையின் பலம் குறையும். ஒட்டுத்தாளால் அதை அடைத்துவிடவேண்டும். உப்புக் காற்றின் விஷயத்தில் நம் ஊர்க்காரருக்குத் தனி எச்சரிக்கை உண்டு: இரும்புத் திருகாணிகளை மாற்றித் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளைப் போடுங்கள், ஒவ்வொரு நாளும் பறந்து முடிந்ததும் மோட்டரையும் மின் இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கடற்கரையிலே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புகும் மணல், மோட்டரின் அச்சைத் தாங்கும் குண்டுகளைச் சில மாதங்களிலேயே தேய்த்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரியது புவியீர்ப்பு மையம். சிறகின் சராசரி அகலம் 26 சென்ரிமீற்றர் என்றால், முன்விளிம்பிலிருந்து ஆறரை முதல் எட்டு சென்ரிமீற்றருக்குள் விமானத்தின் பாரம் முழுவதும் சமன்படவேண்டும். மையம் முன்னே தள்ளியிருந்தால் விமானம் மந்தமாகி மூக்குக் கவிழும். பின்னே தள்ளியிருந்தால் அடங்காப்பிடாரியாகிவிடும். 200 கிராம் எடையுள்ள பற்றரியை 5 சென்ரிமீற்றர் நகர்த்தினால் மையம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நகரும் என்பது சாதாரணப் பெருக்கல் வகுத்தற் கணக்கு. ஆனாலும் அந்தக் கணக்கைப் போடாமல், மூக்கிலோ வாலிலோ ஈயத்தை ஒட்டிச் சமன்படுத்துகிறவர்களே அதிகம். ஒரு முறை நான் பலம் கூடிய மோட்டரைப் பொருத்தியபோது மூக்குக் கனத்துவிட்டது. ஈயம் சேர்க்க மனம் வராமல், நடுவுடலில் இருந்த எலிவேற்றர் சேர்வோவைக் கழற்றி வாலின் அருகே கொண்டுபோய்ப் பதித்தேன். 20 கிராம் எடையுள்ள அந்தச் சிறு பொருள் அரை மீற்றருக்கு மேல் பின்னே போனதால், ஒரு கிராமும் கூடாமலே மையம் ஒரு சென்ரிமீற்றர் அளவு பின்வாங்கியது. கம்பியின் நீளமும் குறைந்து, கட்டளையும் கூர்மையாயிற்று. மாற்றியமைத்தல் என்பது இப்படி இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்: ஒன்றைச் சேர்க்குமுன், இருப்பதை இடம் மாற்றிப் பார்க்கவேண்டும்.

எடையைக் குறைப்பதில் ஏன் இவ்வளவு பேராசை என்று கேட்பீர்கள். நான் சொன்ன அளவுள்ள விமானம், மணிக்குச் சுமார் 28 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே போனால் சிறகு தாங்கும் சக்தியை இழந்து விழும். எடை நாலிலொரு பங்கு கூடினால் அந்த வேகம் எட்டிலொரு பங்கு கூடிவிடும். இறங்கும்போது ஓடும் தூரமும், மோதினால் விளையும் சேதமும் அதற்கேற்பப் பெருகும். எடையைக் கட்டுப்படுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு சான்று: மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், எரிபொருளோடு சேர்த்து 5 கிலோகிராமுக்கு உட்பட்ட ஒரு மாதிரி விமானத்தை, பல முயற்சிகள் தோற்றபின், 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து அனுப்பினார். அது அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி 38 மணி 52 நிமிடத்தில் அயர்லாந்திலே இறங்கியது. ஏறத்தாழ 3000 கிலோமீற்றர். அப்போது அவருக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. விரல்களால் தடவியே கட்டியவர் அவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

என் முதல் வித்தை விமானத்தின் கதையையும் சொல்லிவிடவேண்டும். எல்லாம் சரியாகப் பொருத்தியதாக நம்பி, ஒரு வெங்காயத் தோட்டத்தை அடுத்த தரிசு நிலத்திலே அதைக் கிளப்பினேன். பத்தடி உயரத்தில் இடச்சிறகு தாழ்ந்தது, நிமிர்த்துவதற்குக் கட்டளை கொடுத்தேன், இன்னும் தாழ்ந்தது, மேலும் கொடுத்தேன், புரண்டு பாத்திக்குள் விழுந்தது. எயிலறன்கள் எதிர்த்திசையில் அசையும்படி கருவியிலே பதிவாகியிருந்ததை நான் தரையிலேயே பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை. கிணற்றடியில் நின்ற வயோதிபர் ஒருவர், சிதறிய துண்டுகளைத் தம் சாரத்தின் மடியிலே பொறுக்கிக்கொண்டு வந்து தந்தார். காற்றுத் திடீரென்று திரும்பிவிட்டது என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் தென்னோலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “காத்துல பிழ இல்ல மகன், கட்டினதுலதான் பிழ” என்றார். அன்று முதல் ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால், விமானத்தின் பின்னே நின்று, வலம் என்றால் வலப்பக்கத்து எயிலறன் மேலெழுகிறதா, சுக்கான் வலம் திரும்புகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நான் ஒருபோதும் விட்டதில்லை.

வானத்துக்குச் சென்றபின்பும் திருத்தம் ஓய்வதில்லை. விமானத்தைச் செங்குத்தாக மேலே ஏற்றுங்கள். அது இடப்பக்கம் வளைந்தால், சுழலும் விசிறியின் சுழல்காற்று வாலைத் தள்ளுகிறது என்று பொருள். மோட்டரின் அடியிலே மெல்லிய வளையத் தகடுகளை வைத்து அதன் முகத்தை இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் திருப்பவேண்டும். 45 பாகையில் ஏறும்போது தலைகீழாகப் புரட்டி, கையைத் தளர்த்திப் பாருங்கள். வேகமாகப் பூமியை நோக்கி வளைந்தால் மூக்குக் கனம். ஆகாயத்தை நோக்கி வளைந்தால் வாற்கனம். அதே கோட்டில் வெகுதூரம் சென்று மெதுவாகத் தளர்ந்தால் மையம் சரியான இடத்தில் இருக்கிறது. இவ்விதம் பற்றரியை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, பத்துப் பதினைந்து பறப்புகளில் ஒரு விமானத்தைத் தெளியவைக்கலாம். அவசரக்காரருக்கு இந்தத் தெளிவு கிட்டாது.

பறத்தலில் ஆரம்பிப்பவரை வாட்டும் பெரிய மயக்கம், விமானம் தம்மை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறித் தோன்றுவது. இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் உபாயம் ஒன்றுண்டு. குலை தள்ளிய வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில் அல்லவா முட்டுக் கொடுக்கிறோம்? அதுபோலவே, எதிரே வரும் விமானத்தின் எந்தச் சிறகு தாழ்கிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கைப்பிடியைத் தள்ளுங்கள், சிறகு நிமிரும்.

வட்டம் போடுவது எளிது. வட்டமாகப் போடுவது கடினம். ஏறும்போது விசையைக் கூட்டி, உச்சியிலே தளர்த்தி, இறங்கும்போது முழுவதும் குறைத்து, அடிப்புறத்திலே மீண்டும் பிடிக்கவேண்டும். காற்றுள்ள நாளிலே அந்த வட்டம் முழுவதும் காற்றோடு நகர்ந்துவிடும். நகராதபடி ஒருபுறம் இறுக்கியும் மறுபுறம் தளர்த்தியும் வரைவதிலேதான் வல்லவர் யார் என்பது தெரியும். மெதுவாகப் புரளுதல் அதனினும் அருமை. நேர்கோட்டிலே சென்றுகொண்டே நாலைந்து விநாடியில் ஒரு முழுப் புரளல்: சிறகு செங்குத்தாக நிற்கும் கணத்தில் சுக்கான் ஒன்றே மூக்கைத் தாங்கவேண்டும், தலைகீழான கணத்தில் எலிவேற்றரை எதிர்ப்பக்கம் அழுத்தவேண்டும், மறுபடியும் செங்குத்தாகும்போது சுக்கான் மறுதிசையில். இரண்டு பெருவிரல்களும் மிருதங்கக்காரர் கைகளைப் போல வேறு வேறு கணக்கிலே ஓடினாலும் தாளம் ஒன்றாயிருக்கவேண்டும். வாலின்மேல் நிற்பது இன்றைய இளைஞருக்குப் பிரியமான வித்தை. விமானத்தின் எடையைவிட விசிறியின் இழுவை அதிகமாயிருந்தால் அது சாத்தியமாகும். ஆனால் மெதுப்புரளலைக் கற்காமல் அதற்குத் தாவுவதை நான் அங்கீகரிப்பதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் கச்சான் வீசும்போது, அதே வேகத்தில் எதிர்த்துப் பறக்கும் விமானம் ஒரே தென்னைமரத்தின் மேல் அசையாமல் நிற்பதை நீங்கள் காணலாம். அதையே காற்றோடு திருப்பினால் தரையைப் பார்த்து 60 கிலோமீற்றரில் பறப்பதாகத் தோன்றும். பயந்து விசையைக் குறைத்தால் விழும். தரையின் வேகம் விமானத்துக்குத் தெரியாது. தன்னைச் சூழ்ந்த காற்று ஒன்றே அதற்குத் தெரியும். நீரோட்டத்திலே மிதக்கும் தோணியை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். நம் நாட்டிலே சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிப் பறந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகும் ஓட்டியவர் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பாயும் சிறகும் ஒரே காற்றுக்குப் பிறந்த சகோதரங்கள். இந்தக் கரையில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, கொழும்பிலே எவ்வளவு பணமுள்ளவருக்கும் கிடைக்காத ஆரம்பக் கல்வி வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.

பெற்றோருடைய மனத்திலுள்ள பயத்தையும் நான் மறக்கவில்லை. இந்தப் பற்றரிகள் லிதியம் சார்ந்தவை. ஒவ்வொரு கலமும் நிறைந்தபோது 4.2 வோற்று. அதற்குமேல் ஏற்றினாலும், அடிபட்டு வீங்கியதை மறுபடி ஏற்றினாலும் தீப்பற்றும். மண்சட்டியிலே வைத்து, ஆள் அருகிருக்கும்போது மாத்திரம் மின்னேற்றுங்கள். விசிறி விரலைத் துண்டிக்கும். பற்றரி பூட்டியபின் அதன் முன்னே யாரும் நிற்கக்கூடாது. அடுத்து, சட்டம். ஆளில்லாப் பறப்புகளைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது; வானொலிக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இத்தகைய பறப்புகள் நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நம் ஊருக்குள்ளேயே மூன்று இயந்திரங்களாக 900 மெகாவாற்று மின்சாரத்தைப் பிறப்பிக்கும் லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கிறது. அதிலிருந்து 220 கிலோவோற்றுக் கம்பிகள் தென்னந்தோப்புகளின் மேலாகச் செல்கின்றன. பாலாவியில் விமானப்படையின் நிலையம் இருக்கிறது. ஆதலால் எழுத்து மூலமான அனுமதி பெறாமலும், பொலிசாருக்கு அறிவிக்காமலும், நிலத்துக்குரியவரைக் கேளாமலும் ஒரு பிள்ளையும் ஒரு விமானத்தையும் கிளப்பக்கூடாது. மின்நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் இடம் எதுவும் நமக்கு ஏற்ற இடமன்று.

பாடசாலை அதிபர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்கிறேன். தனித்தனியே ஒவ்வொரு வீட்டிலும் இதற்குப் பணம் செலவழிக்க முடியாது, செலவழிக்கவும் வேண்டாம். ஒரு பாடசாலைக்கு ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கருவி, முதலிலே பழகுவதற்கு ஸ்திரமான ஒரு விமானம், அதன் பின்னர் ஒரு வித்தை விமானம் போதும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பையும் பாடசாலையே ஏற்கட்டும். பெண்பிள்ளைகளையும் அந்த மேசையைச் சுற்றி அமர்த்துங்கள். தையலறிந்த கைகள் சிறகின்மேல் தாள் போர்த்துவதிலே நம்முடைய கைகளை வென்றுவிடும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, கச்சான் ஓங்கி வீசும் மாதங்களைக் கட்டுவதற்கும் அளப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை விடியற்காலைகளில் கடற்காற்று எழுமுன், ஆறு மணியிலிருந்து ஏழரை மணி வரை, இந்தக் கரையிலே தென்னோலை பெரும்பாலும் அசையாது. முதற் பறப்பை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.